வெட்டக் கூடாத கட்டம்

செடிகொடிகளைப் பற்றிப் படிக்கிறவளுக்குப் புல் ஆகாது என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அவளுக்கும் முதலில் அப்படித்தான் வந்தது.

கல்லூரிக் கடைசி வருஷத்துக்கு முந்தைய விடுமுறையில், மலைமேலிருந்த புல்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பருவம் பயிற்சி மாணவியாக இருக்க அவளுக்கு இடம் கிடைத்தது. அம்மா ஜெராக்ஸ் கடை நடத்தினாள். கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைதான் வீடு. செய்தியைக் கேட்டதும் மாமா கடைக்கே வந்து சத்தம் போட்டார்.

"இத்தனை படிச்சு மலைமேல போய் புல்லு புடுங்கணுமா? ஏதாவது ஆபீஸ்ல சேத்துவிடு."

அம்மா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். "ஆமா, புல்லுதான் புடுங்கப் போறா. ஆராய்ச்சி பண்ணிப் புடுங்குவா. உனக்கென்ன வந்துச்சு?"

அதோடு விடவில்லை. நகல் எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும், "என் பொண்ணு விஞ்ஞானி வேலைக்குப் போறா" என்றாள். பஸ் ஏறும்போது தெருவுக்கே தெரிந்திருந்தது. திரும்பி வரும் வழியை அம்மா பெருமையால் அடைத்துவிட்டாள் என்பது அன்று அவளுக்குப் புரியவில்லை.

நிலையத்தில் வேலை எளிமையானதுதான். புல்வெளி முழுவதும் முளையடித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கட்டத்துக்குள் சதுரமான இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் என்னென்ன புல், எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு தரையோடு ஒட்ட வெட்டி, பையில் போட்டு, உலர்த்தி எடை பார்க்க வேண்டும். சிவப்பு முளையடித்த கட்டத்தில் மட்டும் கத்தரிக்கோல் படக் கூடாது. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலிருந்து வெட்டாமல், மேய விடாமல் வேலிக்குள் வைத்திருந்த இடம் அது. மற்ற எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துவந்தார். பயிற்சிக்கு வந்தவர்கள் அவரை அண்ணா என்று கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் மேலே நிலையத்தின் தலைவி, மேடம்.

புல் பூக்கத் தொடங்கியதும் வினை வந்தது. காலையில் வெளியே கால் வைத்தால் அடுக்கடுக்காகத் தும்மல். மதியத்துக்குள் கண் இரண்டும் வீங்கிவிடும். பக்கத்துக் கட்டிலில் படுத்த தோழி அவளுக்குத் 'தும்மல்' என்றே பெயர் வைத்தாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"தும்மல், மேடம்கிட்ட சொல்லேன்டி."

"சொன்னா அனுப்பிடுவாங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் வீட்டுக்குப் போறது?"

மாத்திரை வாங்கி விழுங்கினாள். தும்மல் நின்றது, தூக்கம் வந்தது. நடக்கும்போதே கண் சொருகியது. இரவில் படுத்தால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. ஒருக்களித்துப் படுத்துத் தலையணையில் முகத்தைப் புதைத்து அந்தச் சத்தத்தை மறைத்தாள்.

அப்படி ஒரு நாள் மாத்திரை மயக்கத்தில் சட்டத்தை வைத்தாள், வெட்டினாள், பையை நிரப்பினாள். நிமிர்ந்தபோது மூலையில் சிவப்பு முளை நின்றிருந்தது. வேலிக் கதவைத் தானே திறந்துகொண்டு வந்ததுகூட நினைவில்லை. கட்டத்தின் பாதி மொட்டையாகக் கிடந்தது. வெட்டியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? பையை எடுத்துக்கொண்டு, வேலிக் கதவைக்கூடச் சாத்தாமல் போய், மற்றப் பைகளின் அடியில் திணித்தாள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் மேடத்தின் குரல் உயர்ந்தது.

"செவப்பு முளைக் கட்டத்துல பாதி போயிடுச்சு! வேலிக் கதவ யாரு சாத்தாம விட்டது? மாடு பூந்திருக்கு."

அண்ணாவின் முகம் வெளுத்துவிட்டது. "கடைசியா நான்தான் மேடம் போனேன். சாத்தின மாதிரிதான் ஞாபகம்… ஒருவேளை சாத்தலையோ என்னவோ."

"ஒருவேளையா? உங்க தீசிஸே அதுலதானே நிக்குது!"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வேலிப் பக்கம் போய்க் கதவைத் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். செய்யாத தப்பைத் தான்தான் செய்ததாக ஒரு மனுஷன் நம்பத் தொடங்குவதை அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இங்கே இடமில்லை, சொல்லாவிட்டால் இவர் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

எழுந்து மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மாடு இல்ல மேடம். நான்தான் வெட்டினேன்."

காரணம் சொல்ல முயன்றபோது மூச்சு இழுத்தது. சொல்லுக்குச் சொல் நெஞ்சு சீழ்க்கையடித்தது. திட்ட வாயெடுத்த மேடம் அப்படியே நிறுத்தி, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். அடுத்த அரைமணியில் ஜீப் மலையிறங்கியது.

டாக்டர் மூச்சில் இழுக்கிற பஃப் மருந்தைக் கொடுத்துவிட்டு, "புல்லு பூத்து முடியற வரைக்கும் வெளிய தலை காட்டக் கூடாது" என்றார். திரும்பும் வழியில் மேடம் கேட்டார்.

"வீட்டுக்குப் போறியாம்மா?"

"வேண்டாம் மேடம்."

"அப்ப வேர் அறைதான் இருக்கு. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருந்தது? நிலையத்தின் பின்பக்கம் இருந்த வேர் அறையில் காற்றுக்கு வழியில்லை. இருந்த ஒரே ஜன்னலையும் மகரந்தம் வராமலிருக்க பாலிதீன் தாளால் ஒட்டிவிட்டார்கள். குழாயால் தோண்டியெடுத்த மண்ணைச் சல்லடையில் அலசி, விளக்கின் கீழ் இடுக்கியால் உயிருள்ள வேரையும் செத்த வேரையும் பிரிப்பதுதான் வேலை. பிரித்து முடிப்பதற்குள் அடுத்த மண் வந்து நிற்கும். வெளியே மற்றவர்கள் சிரிக்கும் சத்தம் சுவர் வழியே மங்கலாகக் கேட்கும். புல்லைப் பார்க்க மலையேறியவள் புல்லின் காலடியில் அடைபட்டுக் கிடந்தாள்.

அண்ணா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மண் நிரம்பிய பைகளை வாசலில் வைத்து, "இது கீழ் அடுக்கு. கலந்துடாத" என்பார். அவ்வளவுதான். பருவம் முடியும்வரை அது மாறவில்லை.

போன் சிக்னல் புல்வெளிக்கு நடுவிலிருந்த பாறையில்தான் கிடைக்கும். சில வாரம் தோழி போய் அம்மாவிடம், "நல்லா இருக்கா ஆன்ட்டி, வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவந்தாள். ஒரு நாள் முகம் சுருங்கித் திரும்பினாள்.

"உன் குரலக் கேட்டாத்தான் மனசு ஆறுமாம். அழறாங்கடி."

அவள் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். பாறைக்குப் போவதற்குள் கண் எரிந்து வழிந்தது.

"விஞ்ஞானிக்கு அம்மாகிட்டப் பேச நேரமில்லையா?" என்று அம்மா எடுத்ததுமே தொடங்கினாள். பின்னணியில் மெஷின் ஓடியது.

"அம்மா, எனக்குப் புல்லு ஒத்துக்கலை. மூச்சு விட முடியலை. ஒரு ரூமுக்குள்ளயே இருக்கேன். தப்பும் பண்ணிட்டேன்."

மெஷின் நின்றது.

"மருந்து போடறியா?"

"போடறேன்."

"வந்துடறியா?"

அந்தக் கேள்வியைத்தான் இத்தனை நாள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் அம்மாவின் குரலில் வா என்பதும் வராதே என்பதும் சேர்ந்தே இருந்தன. மாமாவின் முகம், தெருவின் முகம் எல்லாம் அதற்குப் பின்னால் நின்றன.

"முடிச்சிட்டே வரேம்மா."

"சரி, முதல்ல உள்ள போ. இழுக்கறது எனக்கே கேக்குது" என்றாள் அம்மா. போனை வைக்கும் முன், "நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

புல் காய்ந்து விதை உதிர்ந்த பிறகு அவளுக்குக் கதவு திறந்தது. வெட்டுப்பட்ட கட்டத்தை வேலிக்கு இப்பாலிருந்து பார்த்தாள். புல் தளிர்த்திருந்தது, பக்கத்துப் புல்லின் உயரத்துக்கு வரவில்லை. அண்ணாவுக்குப் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது.

மறு விடுமுறைக்கு மேடமே கடைக்குப் போன் செய்து கூப்பிட்டார். வேர் பிரிக்க அவளைப் போல் பொறுமையான கை வேறில்லை என்றார். அவள் பதில் சொல்லும் முன்பே, பக்கத்தில் நின்றிருந்த அம்மா ஒரு வாடிக்கையாளரிடம் விஞ்ஞானி மகளை மறுபடி கூப்பிடுவதைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"சரி மேடம்" என்றாள் அவள். விரும்பித்தான் சொன்னாளா, வேறு வழியில்லாமல் சொன்னாளா என்று கேட்டால் இன்றும் அவளுக்குத் தெரியாது.