சொலான்ஷ் கொடுத்த வாக்கு

சட்டம் படித்து முடித்த கையோடு சொலான்ஷுக்கு மத்திய பிரான்சில் ஒரு சேமிப்பு வங்கியின் சட்டப் பிரிவில் வேலை கிடைத்தது. சிற்றூர்ச் சேமிப்பு வங்கிகளைப் பெரியவை தங்களோடு இணைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவள் பிறந்த வால்மோரே ஊர் வங்கியின் முறையும் வந்தது. இணைந்தபின் தங்கள் கிளையை மூடிவிடுவார்கள் என்று அங்கே ஊழியர்கள் முரண்டு பிடித்தார்கள்.

பிரிவுத் தலைவர் ஓபெர்த்தேன் அவளையும் சக வக்கீல் ரெஜிஸையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார்.

"நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க அந்த ஊர்ப் பொண்ணு. கிளையை மூட மாட்டோம்னு நீங்களே சொல்லிடுங்க."

"அது முடிவாயிடுச்சா, சார்?"

"நான்தான் சொல்றேன்ல," என்று வாத்துக்கறியை வெட்டினார்.

வால்மோரேயில் ஊழியர் கூட்டத்தில் சொலான்ஷ் பேசிக்கொண்டிருந்தபோது காசாளர் மிரேய் எழுந்தாள். சிறுவயதில் சொலான்ஷைப் பள்ளிக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரி.

"வக்கீல் பேச்செல்லாம் வேணாம்டி. கிளை இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்க்கா. என்னை நம்புங்க."

நம்பினார்கள். இணைப்புக்குச் சம்மதமும் கொடுத்தார்கள்.

கோடை முடிவதற்குள் கிளையை மூடும் அறிவிப்பு வந்தது. தலைமையகத்தில் கூடிய கூட்டத்தில் மிரேய் நியாயம் கேட்டாள். ஓபெர்த்தேன் குரலை உயர்த்தவே இல்லை.

"நிர்வாகம் அப்படி எந்த வாக்கும் கொடுக்கல. எங்க இளம் வக்கீல் சொந்த ஊர்ப் பாசத்துல கொஞ்சம் அதிகமாப் பேசிட்டாங்க போல."

சொலான்ஷ் நாற்காலியைப் பின்னே தள்ளினாள். எழுந்து, "நீங்க சொல்லித்தான் சொன்னேன். ரெஜிஸும் கூட இருந்தாரு," என்றாள்.

எல்லோரும் ரெஜிஸைப் பார்த்தார்கள். அவளோடு தினமும் ஒரே ரயிலில் வந்துபோகிறவன்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லை," என்றான்.

ஓபெர்த்தேனின் பொய்யை விட அந்த நான்கு வார்த்தைகள்தான் அவளை அறுத்தன.

வெளியே வாசலில் மிரேயின் கையைப் பிடிக்கப் போனாள். மிரேய் கையை இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஆளு பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். ஆனா அவனை நம்பியா நாங்க சம்மதிச்சோம்? எங்க முகத்தைப் பார்த்துச் சொன்னது நீதானே."



சில மாதங்களில் கிழக்கே வேறொரு சேமிப்பு வங்கிக்கு மாறிப்போனாள். அங்கே யாராவது அவளிடம் சேதி சொல்லி அனுப்பப் பார்த்தால், "நீங்களும் கூட வந்து சொல்லுங்க" என்பாள். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, ரொட்டிக் கடை வரிசையில் மிரேய் நின்றிருந்தாள்.

"நல்லாயிருக்கீங்களா, அக்கா?"

"இருக்கேன், மேடம்," என்றுவிட்டு மிரேய் கடைக்காரரிடம் திரும்பினாள்.