கீழ் லயத்துத் தேநீர்

சந்திரவதனா மோர்மன் சபையின் ஊழியத்துக்குப் புறப்பட்டது 1979ஆம் ஆண்டு, தை பிறந்த இரண்டாம் நாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. தகப்பனார் செல்வரத்தினம் மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், பிறந்தது யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில். கண்டிக்குத் தட்டெழுத்துப் படிக்கப் போன மகள், அங்கே ஓர் அமெரிக்கத் தம்பதியைச் சந்தித்து அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியபோது அவர் சத்தம் போடவில்லை. அவள் ஊழியத்துக்குப் போவதாகச் சொன்ன அன்றுதான் பேசினார்.

"மூண்டு மாசம் தாறன். ஒரு ஆளெண்டாலும் உன்ர கதையைக் கேட்டு வந்தால் நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் வீட்டை வந்து சேர். பிறகு இந்தக் கதையே இங்க இருக்கக்கூடாது."

"ஒரு ஆள்தானே," என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

எங்கள் சபையில் ஊழியர்கள் இருவர் இருவராகத்தான் போகவேண்டும். அவளோடு போனவள் நான். ஆங்கிலத்தில் வந்த பாடங்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. வீட்டு வாசலில் பேசுவது அவள் வேலை.

அம்மன் கோவிலுக்குப் பின் தெருவில் ஓர் அறை எடுத்திருந்தோம். அங்கிருந்து அவள் வீடு ஐந்து நிமிட நடை. ஊழியம் முடியும்வரை வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்பதால் கடைக்குப் போகும்போதும் சுற்றுப்பாதையில்தான் போவாள். காலை ஆறு மணிக்கு ஜெபம், பிறகு படிப்பு, ஏழரைக்குத் தோட்டப் பக்கம் போகும் எல்கடுவ பஸ். முதல் வாரம் நெஞ்சில் குத்தும் சபைப் பெயர்ப்பட்டியைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நேராக்கினாள். மூன்றாம் வாரம் அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்ளத் தொடங்கினாள். பட்டியைக் கண்டவர்கள் எங்களை அரசாங்க ஆட்கள் என்று நினைத்து, அரிசிக் கூப்பன் புத்தகத்தில் பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே மர்சூக் நானாவின் தேநீர்க்கடை. மழைக்கு ஒதுங்கிய முதல் நாளே எங்களுக்காக இரண்டு கிளாஸ் ஆற்றிவிட்டார்.

"நாங்க தேத்தண்ணி குடிக்கிறதில்ல நானா," என்றாள் சந்திரவதனா.

"சரி, கோப்பி?"

"அதுவும் இல்ல. எங்க சபையில கூடாது."

"எங்கட மார்க்கத்துல சாராயந்தான் ஹராம். உங்கட மார்க்கத்துல தேத்தண்ணிக் கடைக்காரனே ஹராம் போல!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து எங்களுக்கென்று கொத்தமல்லி அவித்து வைத்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்கு ஒன்றரை மைல் ஏறவேண்டும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் வாசல்களில் யாரும் எங்களைத் திட்டவில்லை. "எங்களுக்கு மாரியாத்தா போதும் மிஸ்," என்பார்கள். "ஆம்பளைங்க வீட்டில இல்ல மிஸ்." ஏழு வாரம் இப்படியே போனது. காலில் அட்டைக் கடி ஆறுவதற்குள் அடுத்த கடி விழும். தகப்பனார் சொன்ன ஒரு ஆளைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை.

ஓடைக்கரையில் தனியாக ஒரு லயம் இருந்தது. "கீழ் லயத்துக்குப் போயிராதீங்க. அவங்க வேற ஆளுங்க," என்று மேல் லயத்துப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். எட்டாம் வாரம் அங்கே போனோம்.

லயத்தின் முன் திண்ணையில், இஸ்தோப்பில், முப்பது வயதுப் பெண் ஒருத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் கமலாட்சி. எழுபத்துநாலாம் ஆண்டுப் பஞ்சத்தில் ஐந்து வயது மகளை இழந்தவள். சந்திரவதனா பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செத்துப்போன புள்ளையப் பத்தியும் உங்க பொஸ்தகத்துல இருக்கா மிஸ்?"

"இருக்கு அக்கா. குடும்பம் சாவோட முடியிறதில்ல. உங்க புள்ளைய நீங்க மறுபடி பார்ப்பீங்க."

கமலாட்சி முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போனவள், பக்கத்துக் காம்பரா வீட்டாரிடம் ஒரு கிளாஸ் இரவல் வாங்கி, இரண்டு கிளாஸ் தேநீரும் இரண்டு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் கொடுப்பதற்கு இருந்தது அதுதான்.

"நாங்க தேத்தண்ணி குடிக்கிறதில்ல," என்றாள் சந்திரவதனா, மர்சூக் நானாவிடம் சொன்ன அதே சிரிப்போடு.

முற்றத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்த கமலாட்சியின் கணவர் முத்துவீரன் நிமிர்ந்தார்.

"மிஸ்ஸுக்குச் சொந்த ஊரு?"

"மாத்தளைதான்."

"அப்பாவுக்கு?"

"யாழ்ப்பாணம்."

"அதான் பார்த்தேன்," என்று மறுபடி கத்தியைத் தீட்டினார்.

சாதி பார்த்துத்தான் மறுத்தாள் என்று அவர் நினைத்துவிட்டது சந்திரவதனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஐயோ, அது இல்ல அண்ணே! எங்க சபைச் சட்டம், கடவுள் சொன்னது. தண்ணி குடுங்க, இப்பவே குடிக்கிறேன்."

"பீலி அந்தா இருக்கு மிஸ்," என்றாள் கமலாட்சி. ஓடைத் தண்ணீர் மூங்கில் வழியாக விழும் இடத்தைக் காட்டினாள். "நீங்களே கையில புடிச்சுக் குடிங்க. நாங்க தொட்டுத் தந்தா உங்களுக்குச் சங்கடம்."

நாங்கள் இருவரும் பீலியில் குனிந்து கையால் ஏந்திக் குடித்தோம். தேநீர் இஸ்தோப்பிலேயே ஆறிக் கிடந்தது.

மறுநாள் மர்சூக் நானா வைத்த கொத்தமல்லியை அவள் தொடவில்லை. "எங்க வீட்டுக்கு விறகு கொத்த வாறவருக்கு அம்மா தேங்காய்ச் சிரட்டையிலதான் தண்ணி ஊத்துவா," என்றாள். "கொண்டுபோய்க் குடுக்கிறது நான்தான்."

அதன் பிறகு மூன்று முறை கீழ் லயத்துக்குப் போனோம். மூன்று முறையும் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சட்டி அசையும் சத்தம் கேட்டது. மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் போனபோது கமலாட்சி வெளியே இருந்தாள். சந்திரவதனா பாடத்தாளை என் கையில் கொடுத்துவிட்டு, கேளாமலே இஸ்தோப்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு வாய் தேத்தண்ணி குடுங்க."

நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் திரும்பவில்லை. கமலாட்சி கொண்டுவந்த தேநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு அவள் வாயில் பட்ட முதல் தேநீர் அது.

முத்துவீரன் சிரித்தார். "அட, குடிச்சிட்டாங்களே!"

கமலாட்சி சிரிக்கவில்லை. "உங்க சாமி வேணாம்னு சொன்னாருன்னீங்க?"

"சொன்னாருதான் அக்கா. உங்களுக்காகத்தான் குடிச்சேன்."

"சாமி சொன்னது நெசம்னா இன்னைக்குக் குடிச்சிருக்க மாட்டீங்க. குடிக்கலாம்னா அன்னைக்கே குடிச்சிருப்பீங்க." கோபமில்லாமல், யோசித்து யோசித்துச் சொன்னாள். "அப்ப என் புள்ளையப் பார்ப்பேன்னு சொன்னீங்களே, அதுவும் இப்படித்தானா மிஸ்?"

மூன்று மாதமாக ஒவ்வொரு வாசலிலும் பேசியவள் என் கையிலிருந்த பாடத்தாளைப் பார்த்தாள். கமலாட்சி கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நடந்ததை மறைக்காமல் சந்திரவதனா கண்டிக்கு எழுதினாள். அமெரிக்கத் தம்பதி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மனந்திரும்பி ஜெபித்துத் தொடரச் சொன்னார்கள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பையில் உடுப்புகளை அடுக்கினாள். யார் முன்னால் போய் இனி என்ன சொல்வது என்று கேட்டாள்.

வீடுவரை நான் துணைக்குப் போனேன். செல்வரத்தினம் ஐயா பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். சொன்னபடியே சபையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"லயத்துக்குள்ள ஏதும் வாங்கிக் குடிச்சனீயோ?"

"ஓம்."

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். தாயார் கொண்டுவந்த தேநீரை அவள் வேண்டாம் என்றாள்.

இப்போது மாத்தளையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுதுகிறாள். சபைக்கும் வருவதில்லை, கோவிலுக்கும் போவதில்லை. போன மாதம் மர்சூக் நானாவின் கடையில் சந்தித்தோம். அவர் பழக்கதோஷத்தில் கொத்தமல்லியையே வைத்தார். எல்கடுவ பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை அவள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துப்போன அந்தப் புள்ளையிட பேர் என்னன்னு நாங்க கேக்கவே இல்ல, என்ன?" என்றாள்.