போடியிலிருந்து கடலுக்குப் போன தந்தி

உலர்த்திச் சூட்டோடு தரையில் பரப்பிய ஏலக்காயை வெறுங்காலால் மிதித்திருக்கிறீர்களா? குளித்தாலும் அந்த வாசனை போகாது...

ஐம்பதுகளில், கல்யாணமான புதிதில், போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் எனக்கு அந்த வேலை. மிதித்தால் காயின் காம்பு உதிரும். முதலில் ரெண்டு பேர் மெல்ல மிதித்துப் பதம் பார்ப்போம். சரியாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் எல்லாப் பெண்களும் இறங்குவோம்.

நாங்கள் மிதிக்கும் கொட்டகையின் சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருக்கு வேலை. பூமி அதிர்ந்தால் கோடு கிறுக்கும் மெஷின் ஒன்றைச் சர்க்காரில் புதிதாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவர்தான். முதலில் சின்ன அலை வரும், பிறகு பெரிய அலை. நடுவிலிருக்கும் இடைவெளியை வைத்து, எவ்வளவு தூரத்தில் அதிர்ந்தது என்று சொல்லிவிடலாம். அது கடலுக்கடியில் என்றால், கடல் பொங்கிக் கரைக்கு வர இன்னும் நேரமாகும், அதற்குள் ஆட்களைக் காப்பாற்றலாம் என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த வருஷத்து முதல் காயை நாங்கள் மிதித்து முடித்த மதியம், பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏ புள்ள, கோடு பெருசா விழுந்திருக்கு! தூரத்தப் பாத்தா கடலுக்குள்ளதான் இருக்கும். ஒங்கப்பா உப்பளத்துலல்ல இருப்பாரு!"

தூரம்தான் தெரியும், திசை அந்த மெஷினுக்குத் தெரியாது. ஆனாலும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூத்துக்குடியில் அப்பா வேலை பார்த்த உப்பளம் கடலை ஒட்டியே இருந்தது.

"வெரசா போங்க" என்றேன். ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கி, "கடல் பக்கம் போகாதீர்கள்" என்று அப்பாவுக்குத் தந்தி அடித்தார்.

கடல் ஒன்றும் பொங்கவில்லை. மறுநாள் நாங்கள் மிதிக்கும்போது அதே மாதிரி கோடு, முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக... கதவருகில் வந்து எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானா அந்தப் பூகம்பம்?"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. பாவம், அவர் முகம்தான் செத்துப்போனது.

அன்று சாயங்கால ஜீப்பில் அப்பா வந்து இறங்கினார். சட்டையெல்லாம் புழுதி. கல்யாணத்துக்குப் பிறகு அவரை நான் பார்த்ததே இல்லை. எத்தனை ஏங்கியிருப்பேன்!

"மலையில இருக்க மாப்ள கடலப் பத்தி எதுக்குத் தந்தி அடிக்காரு? ஒனக்குத்தான் என்னமோ ஆயிட்டு, மறைக்காங்கன்னு நெனச்சேம்மா..."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது கடலில் எங்கே அதிர்ந்தாலும் போனில் சேதி வந்துவிடுகிறது. இடமும் தெரிகிறது, அலை வரும் நேரமும் தெரிகிறது. நல்லதுதான், எத்தனையோ உயிர் பிழைக்கும். வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகளும் "சேஃபா இருக்கியாம்மா?" என்று உடனே கேட்டுவிடுகிறார்கள். இருக்கிறேன் என்று பதில் போடுகிறேன்.

அத்தோடு முடிந்துவிடுகிறது... ஒருதடவையாவது என் பதிலை நம்பாமல் கிளம்பி வந்தால் என்ன?