புழு தின்ற நிறம்

அவள் வென்றவற்றைத் தையல்கார அண்ணன் வரிசை தப்பாமல் சொல்வார். கை நடுக்கத்தை வென்றாள். எழுத வராத பிள்ளைக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பிய பள்ளிக்கூடத்தை வென்றாள். மூன்று மாடிப் பதிப்பகம் ஒன்றை ஒற்றைத் தாளில் வென்றாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் ஒத்தவிரல். இரண்டு கையும் நடுங்கும். இடக்கை ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேட்கும். உரிமைக் காலம் முடிந்து எல்லோருக்கும் சொந்தமாகிவிட்ட பழைய புத்தகங்களை அந்த விரலால் கணினியில் தட்டி, யாரும் சும்மா படிக்கட்டும் என்று இணைய நூலகத்தில் ஏற்றுவாள். நாற்பத்தொரு புத்தகங்கள். கடைசியாக ஏற்றியது பறவைகளைப் பற்றியது. எழுதியவர் இறந்து நூற்றுப்பத்து வருடம். ஏழு மாத உழைப்பு.

ஒரு நாள் அது காணாமல் போனது. அந்தப் புத்தகம் தங்களுடையது என்று பதிப்பகம் புகார் கொடுத்திருந்தது. பத்து நாளில் கையால் கையெழுத்திட்ட மறுப்பு வராவிட்டால் நாற்பத்தொன்றையும் எடுத்துவிடுவதாக நூலகம் எழுதியது. அவளோ வங்கியிலும் கைநாட்டு வைப்பவள்.

"விட்டுத் தொலைம்மா. அவங்ககூட நாம மல்லுக்கட்ட முடியுமா?"

"அவங்க போட்ட புத்தகத்தை வாங்கிட்டு வாண்ணே."

"எதிரிக்கே வியாபாரமா?"

"உன்கிட்ட துணி குடுத்தவங்களை இழுக்கிற மாதிரி என்னையும் நாளைக்கு நாளைக்குன்னு இழுக்காதே. போ."

வாங்கி வந்தார். ஆசிரியரின் மூலப்படியிலிருந்து அச்சிட்டதாக முன்னுரை பீற்றிக்கொண்டது. அவள் நேராக எண்பத்தேழாம் பக்கத்துக்குப் போனாள். அவள் பார்த்துத் தட்டிய பிரதியில், ஒரு குருவியின் மார்பு நிறத்தைப் புழு தின்றிருந்தது. அந்த ஓட்டையில் 'சாம்பல்' என்று போட்டு, இது என் ஊகம் என்று கடைசிப் பக்கத்தில் குறித்திருந்தாள். இவர்கள் புத்தகத்திலும் சாம்பல். குறிப்பு மட்டும் இல்லை.

வேறொரு ஊர் நூலகருக்கு எழுதினாள். மூன்றாம் நாள், புழு தொடாத பக்கத்தின் படமும், அச்சான வருடம் தெரியும் முதல் பக்கத்தின் படமும் வந்தன. குருவியின் மார்பு பொன்மஞ்சள்.

"ஓட்டையில நான் போட்ட ஒட்டு, அண்ணே. அவங்க மூலத்துக்குள்ள எப்படிப் போச்சு?"

ஒட்டுப் போட்ட இடம் வெளியே தெரியாமல் தைப்பதுதான் அண்ணனின் தொழில். தெரியட்டும் என்று எழுதிவைத்தவளின் ஒட்டுதான் திருட்டைக் காட்டிக்கொடுத்தது.

இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அண்ணன் அவள் மணிக்கட்டை மூன்று முறை அளந்து, மணல் நிரப்பிய பட்டை ஒன்று தைத்தார். கனத்தில் கை கொஞ்சம் அடங்கியது. அவருடைய அளவு நோட்டு முழுக்க அவள் இழுத்த கோணல் கோடுகள். கோடுகள் மெல்ல மெல்ல எழுத்தாயின.

பத்தாம் நாள் காலை, துணி வெட்டும் மேஜையில் மறுப்புத் தாளை விரித்தார்கள்.

"மேஜையை ஆட்டாதேண்ணே."

"நான் எங்கே ஆட்டினேன்? நீதான்."

"அப்ப சரி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். எட்டு எழுத்து. அவள் போட்டு முடிக்கும்வரை அண்ணன் கண் இமைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் நூலகம் புகாரைத் தள்ளிவிட்டு, புத்தகத்தை மறுபடி ஏற்றியது. அவள் சாம்பலை அழித்துத் திருத்த, குருவிக்குப் பொன்மஞ்சள் மார்பு திரும்பக் கிடைத்தது. அண்ணனின் அளவு நோட்டில், யார் அளவும் எழுதாத ஒரு பக்கத்தில், அவள் கையெழுத்துப் போட்ட காலையின் தேதி மட்டும் இருக்கிறது: 14 மார்ச் 2019, வியாழக்கிழமை.