ராகவன் கையால் ரசம்

"ஒட்டிக்குமாம்! எது ஒட்டிக்கும் சாவித்திரி? ராமநவமிக்கு அவன் கையால மூணு தரம் ரசம் வாங்கிக் குடிச்சியே, உனக்கு என்ன ஆச்சு? சேர்ந்து சாப்பிட்டா வராதுன்னு டாக்டர் என் காதுபடச் சொன்னார். எப்படி வந்ததுன்னு மட்டும் கேட்காதே. நானே கேட்கலை."

கீழ்வீட்டுச் சாவித்திரியை இப்படித்தான் பிடித்துக்கொண்டேன். பின்னே என்ன?

என் பேரன் ராகவேந்திரன் ஹவுராவில் குமாஸ்தா. இங்கே டாக்குரியாவில் நம் தமிழ்க்காரர்கள் நடத்தும் பஜனை சங்கத்தில் எந்த விசேஷமானாலும் ரசம் அவன்தான் ஊற்றுவான். வாளியோடு ஓடுவான், ஒரு சொட்டு சிதறாது. போன வருஷம் காய்ச்சல் விடாமல் அடித்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு எச்.ஐ.வி. என்றார்கள். என்னிடம் சொன்னான். ராமநவமி கழிந்து, சிநேகிதனாயிற்றே என்று சங்கக் காரியதரிசி பத்மநாபனிடமும் சொல்லிவைத்தான்; அது கீழ்வீடு வரைக்கும் பரவிவிட்டது.

பிள்ளையார் சதுர்த்திப் பந்தி. இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. பத்மநாபன் வந்து அவன் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான்.

"நீ ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கோ, ராகவா."

"சரி."

அப்புறம் எல்லாவற்றுக்கும் சரிதான். சாப்பிடுகிறாயா, சரி. படுத்துக்கோ, சரி. அழுதிருந்தால்கூட எனக்குத் தெம்பாயிருக்கும். ஆபீஸுக்கு லீவு போட்டான். மாத்திரை தீர்ந்தது, வாங்கப் போகவில்லை. நான் கத்தினால் அதற்கும் சரி என்பான், எழுந்திருக்க மாட்டான்.

மாத்திரை கொடுக்கும் இடத்திலிருந்து மிதாலி என்ற வங்காளிப் பெண் தேடி வந்தாள். அவளும் அதே மாத்திரை சாப்பிடுகிறவள்தான். "மாஷிமா, பசிக்குது" என்று என்னைச் சித்தி முறை கொண்டாடி அடுக்களையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். அப்புறம் படுத்திருந்தவனிடம் போய், அண்ணா முறை வைத்து 'தாதா' என்று கூப்பிட்டுப் பேசினாள்.

"எங்களை மாதிரி ஆட்கள் சனிக்கிழமை கரியாஹாட்டில் கூடுவோம், தாதா. பேசுவோம், உங்க பொங்கல் மாதிரி கிச்சுரி பண்ணிச் சாப்பிடுவோம். நான் பரிமாறினா பாதி மடியில விழும்."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "எத்தனை பேர்?"

"நாற்பது."

"நீ ஒருத்தியேவா? முதல் ஆள் முடிக்கிறப்போ கடைசி ஆள் காத்திண்டிருப்பானே."

"அதான் திட்டு வாங்கறேன்."

"மாத்திரை?"

"கிளினிக் அந்தத் தெருவிலேயே. கூட்டிட்டுப் போறேன்."

சனிக்கிழமை குளித்தான். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டான். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. படியில் நின்ற சாவித்திரி புடவையை ஒதுக்கிக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "விடு பாட்டி, அங்கே நேரமாயிடும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான்.