கூடை இல்லாத முதுகு

காலையில் ஒரு தேயிலைச் செடிக்குக் 'குட்டன் மோர்கன்' என்று ஜெர்மனில் வணக்கம் சொல்வதுதான் பெர்லினில் என் முதல் வேலை. சிரிக்காதீர்கள், இதற்குச் சம்பளமும் உண்டு. செடியை வளர்ப்பவர் மார்லீன் என்ற கலைஞர். இலைகளில் மெல்லிய வயர்களை ஒட்டி, செடிக்குள் ஓடும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் வழியாகச் சத்தமாக மாற்றுகிறார். நான் அவருடைய கலைக்கூடத்தைத் துடைக்கிறவன். இங்கே செடிக்கே தனி அறை, ஹீட்டர், லைட்டு. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், எங்கள் குடும்பத்துக்கே ஒரு அறை, மேலே ஒழுகும் தகரம். மூன்றாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு இந்த அறிவியல் ஏறவில்லை. தவளை தூக்கத்தில் முனகுவது போலக் கேட்கும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கண்காட்சி. செடியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று மார்லீன் முன்பே சொல்லியிருந்தார். ஃபோனைப் பின்னால் ஒரு ஸ்டூலில் நிறுத்தி, என் மனைவி செல்வியோடு வீடியோவில் பேசிக்கொண்டே துடைத்தேன். அவள் பூனாகலை மலையில், சிக்னல் கிடைக்கும் பாறையோரம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கொழுந்து முத்திப்போகுதே! அங்க யாரும் பறிக்க மாட்டாங்களா?"

"இது பறிக்கிற செடி இல்ல புள்ள, பாடுற செடி."

"இங்க பாடுனா கங்காணி வைவாரு."

சிரித்துக்கொண்டே செடிப்பக்கம் திரும்பினேன். என்னைக் கேட்காமலே கை போய் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி, தோளுக்கு மேலே பின்னால் வீசியது. முதுகில் கூடை இருந்தால்தானே? கொழுந்து தரையில் விழுந்தது. செடியின் தவளைச் சத்தம் வீலென்று எழுந்தது.

மார்லீன் ஓடிவந்தார். போச்சு வேலை என்று கையைக் கட்டி நின்றேன். அவரோ என் கையைப் பிடித்துச் செடியருகே கொண்டுபோய், மறுபடியும் கிள்ளச் சொன்னார். திட்டுகிற விதம் இந்த நாட்டில் இப்படித்தான் போல என்று நினைத்து, "நைன், நைன்" என்று மறுத்துக் கும்பிட்டேன். அவர் திட்டவில்லை, சிரித்தார். அந்தச் சத்தத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாராம். பின்னால் ஏன் வீசினாய் என்று கேட்டார். தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்குவதை நடித்துக் காட்டினேன்.

"என்னங்க, வேலை போயிருச்சா?"

"கூடிருச்சு புள்ள. சாயங்காலம் எல்லாரு முன்னாடியும் நான் பறிக்கணுமாம்."

"ஒங்க பறிப்பையா? இங்க ஒங்க லெட்சணத்துக்கு அரைநாள் பேரு போட்டு அரைச் சம்பளம்தானே தந்தாங்க!"

உண்மை. பெண்கள் தங்கள் செடி நிரையை முடித்து இறங்கும்போது நான் பாதியில் நின்று கதையளந்துகொண்டிருப்பேன்.

மார்லீன் ஒத்திகை பார்க்கச் சொன்னார். செல்வியும் தன் ஃபோனைப் பாறைமேல் நிறுத்திவிட்டு முதுகைக் காட்டி நின்றாள். "இதுல போடுங்க, பாப்போம்." என் ஃபோன் நிறைய அவள் கூடை. நான் கிள்ளிப் பின்னால் வீசினேன். கொழுந்து ஃபோன் கண்ணாடியில் பட்டு, வழுக்கி, நான் துடைத்த தரையில் விழுந்தது.

"விழுந்துச்சா?" திரும்பாமலே கேட்டாள்.

"விழுந்துச்சு," என்றேன்.