தெரிந்துதான் போட்டேன்

என்னைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. பத்து நாளில் வலி போய்விட்டது. மாத்திரையை நான் விடவில்லை. சுகமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். போட்ட அரைமணி நேரத்தில் உடம்பு லேசாகிவிடும். தறிச் சத்தம் எங்கோ தொலைவில் கேட்கும். நாத்தனாரின் குத்தல் பேச்சுகூட உறைக்காது. விடிந்ததிலிருந்து அடுத்தவர் சொன்னதையே செய்துகொண்டிருந்தவளுக்கு அந்த அரைநாள் மட்டும் சொந்தமாக இருந்தது.

டாக்டர் சீட்டு கேட்காமல் தரும் மருந்துக்கடை செவிலிமேட்டில் இருந்தது. எங்கள் தெருப் பக்கம் வாங்கினால் தெரிந்துவிடும் என்று அத்தனை தூரம் டவுன் பஸ்ஸில் போவேன். திரும்பும்போது கையில் ஒரு கீரைக்கட்டு இருக்கும், கேட்டால் காட்ட. இவ்வளவு யோசித்துச் செய்தவளைத்தான் பிறகு எல்லோரும் ஒன்றும் அறியாதவள் என்றார்கள்.

எங்களுடையது கோர்வைத் தறி. புடவையின் உடலை என் கணவர் நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவை நான் தள்ளுவேன். ஒவ்வொரு முறையும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். கோக்காமல் விட்டால் அங்கே புடவை விட்டுப்போகும். கல்யாணமான நாளிலிருந்து என் பக்கக் கரையை அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

நாங்கள் நெய்த ஒரு முகூர்த்தப் புடவையை, கூலிக்கு நெய்யக் கொடுக்கும் முதலாளி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கரையோரம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. என் பக்கக் கரை.

"என்னாபா இது?"

"பாவு சரியில்ல மொதலாளி. அறுந்துக்கினே இருந்திச்சு," என்றார் என் கணவர். புடவையில் எது கெட்டாலும் எங்கள் ஊரில் பழி முதலில் பாவின்மேல்தான் விழும். நீளவாட்டில் ஓடும் அந்த நூலுக்கு வாய் கிடையாது. ஆனால் அதைப் போட்டுக் கொடுத்த பாவுக்கார அம்மாவுக்கு உண்டு. அவளைக் கூப்பிட்டுத் திட்ட முதலாளி போனைக் கையில் எடுத்தார்.

"பாவு நல்ல பாவுதாங்க. நான்தான் கோக்காம வுட்டேன். மாத்திர போட்டுக்கினு ஒக்காந்திருந்தேன்."

முதலாளி போனைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. "வலிக்குப் போட்டதுதானேமா. ஏதோ தெரியாம நடந்துபோச்சு, வுடு," என்றார். தலையாட்டியிருந்தால் அடுத்த புடவைக்கான பாவு கிடைத்திருக்கும்.

"வலி போயி அஞ்சு மாசம் ஆவுதுங்க. தெரிஞ்சிதான் போட்டேன்."

அடுத்த பாவு வரவில்லை. தறி காலியாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் வெடித்தார். "உன்ன காப்பாத்தத்தானே பொய் சொன்னேன்? என்னியே பொய்யனாக்கிட்டியே!" அவர் சொன்னது நியாயம்தான், சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

நாத்தனாருக்கு அது யாரோ செய்துவைத்த வினை. "கோயில்ல கயிறு கட்டிக்கோமா. ஒரு மண்டலம் தொட மாட்டே," என்றாள். எங்கள் தெரு ஆண்கள் குடியை விடக் கட்டும் கயிறு அது. கயிறு அவிழ்கிற அன்றைக்கே கடை வாசலில் நிற்பவர்களை எனக்குத் தெரியும். கயிறு நிறுத்தினால் அது கயிற்றின் சாமர்த்தியம். எனக்கு அது வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரையை நிறுத்தியதில் கைகால் உதறல், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை எல்லாம் இருந்தன. டாக்டரம்மா மருந்து தந்து, "இது ஒரு நோய். உங்க தப்புனு நெனைக்காதீங்க," என்றார். அன்பாகத்தான் சொன்னார். நோய் என்பதை ஒத்துக்கொண்டேன், மருந்தும் சாப்பிட்டேன். ஆனால் பஸ் ஏறிப் போனது நோயா, நானா? நானில்லை என்றால் இப்போது உதறிக்கொண்டு தாங்குகிறவள் மட்டும் எப்படி நானாவாள்?

ஒருநாள் மத்தியானம் அலமாரியில் புடவைக்கு அடியிலிருந்து ஒரு முழு மாத்திரை அட்டையைக் கணவர் கண்டெடுத்தார். வெளியே வீசப் போனவரை மறித்தேன்.

"குடு இங்க."

"குடுத்தா போட்டுக்குவே."

"போட்டுக்கலாம். அதான் குடுன்றேன்."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையில் வைத்தார். கொல்லையிலிருந்த கக்கூஸுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பிதுக்கி எறிந்தேன். கடைசி ஒன்று விரல்களுக்கு நடுவில் இருந்தது. வாயில் எச்சில் ஊறியது. அவர் கதவருகில் நின்றார், கிட்டே வரவில்லை. அதையும் எறிந்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை நானே தூக்கி ஊற்றினேன்.